யார் பெற்ற பிள்ளை?

அண்மைக் காலமாக நம் தியானக் கூடங்களிலும் இளைஞர் ஒடுக்கங்களிலும் இசையைக் குறித்த எச்சரிக்கை ஒன்று தவறாது ஒலிக்கிறது. மேலைநாட்டு இரைச்சலிசை அனைத்தும் சாத்தானின் பட்டறையில் வார்க்கப்படுகிறது, அதைக் கேட்கும் இளைஞனுள் தீய ஆவி குடியேறுகிறது, இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் நரகத்தின் குரல் கேட்கும் என்பன அதன் சாரம். பின்னோக்கிச் சுழற்றுதற்குரிய இசைத்தட்டுகள் நம் வீடுகளை விட்டுப் போய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்டதை இந்தப் போதகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். இவ்வெச்சரிக்கையை மறுக்கவே நாம் எழுத முற்படுகிறோம். அவ்விசைக்கு வழக்குரைஞராக நிற்கும் எண்ணம் நமக்கு இல்லை. அதன்மேல் சாட்டப்பட வேண்டிய உண்மையான குற்றம் ஒன்று உண்டு. சாத்தான், சாத்தான் என்ற கூச்சலில் அக்குற்றம் தப்பி ஓடிவிடுகிறது என்பதே நம் கவலை.

எம் பங்குத் தாய் ஒருவர், பொறியியல் பயிலும் தம் மகனின் கைப்பேசியில் கண்ட படத்தைக் காட்டி, பேய் ஓட்டும் செபம் செய்ய வேண்டுமென்று கேட்டு வந்தார். அறுத்துத் திறக்கப்பட்ட மனித உடலின் படம் அது. ஏதோ ஓர் இசைத்தொகுப்பின் முகப்பு அட்டை என்று பின்னர் அறிந்தோம். மகனை அழைத்து வினவியபோது அவன் எதையும் ஒளிக்கவில்லை. "கோர்கிரைண்ட், ஃபாதர்" என்றான். தானும் கணினியை வைத்துக்கொண்டு, தனியொருவனாக, அவ்வகையில் ஒரு தொகுப்புச் செய்து வருவதாகவும் சொன்னான். செபத்துக்கு வேலையில்லை என்று தாயை அனுப்பிவிட்டு, பையனிடம் இரண்டு மணி நேரம் பாடம் கேட்டோம்.

'கோர்' எனில் சிந்தி உறைந்த குருதி. 'கிரைண்ட்' எனில் அரைத்தல். பெயரிலேயே பொருள் விளங்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து 'நேபாம் டெத்' குழு 1987-இல் 'ஸ்கம்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதிலுள்ள ஒரு பாடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் வினாடி. உலகின் மிகக் குறுகிய பாடலென்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. அதில் கோபம் இருந்தது. பன்னாட்டு முதலாளிகளின் மேல் கோபம். மறு ஆண்டு, 1988-இல், லிவர்பூல் நகரத்து 'கார்கஸ்' குழு தன் முதல் தொகுப்பைக் கொணர்ந்தது. குழுவின் பெயருக்குச் சடலம் என்று பொருள். தொகுப்பின் பெயரைத் தமிழில் 'அழுகலின் நாற்றம்' எனலாம். பில் ஸ்டியர், ஜெஃப் வாக்கர், கென் ஓவன் என மூன்று இளைஞர்கள். பாடல்களின் சொற்களை மருத்துவ அகராதியின் துணையின்றி எவரும் விளங்கிக்கொள்ள இயலாது. அட்டையோ, மருத்துவ நூல்களிலிருந்து வெட்டியெடுத்த பிரேதப் பரிசோதனைப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. பிபிசி வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஜான் பீல், அவ்வாண்டில் தமக்கு மிகப் பிடித்த தொகுப்பு இதுவே என்றார். கோர்கிரைண்ட் என்னும் கிளை இங்கிருந்துதான் தழைத்தது.

பின்னர் மனிதரின் இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்தது. நியூயார்க்கின் 'மார்ட்டிஷியன்' குழு முரசடிப்பவரை விடுத்துத் தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டது; பாடல்களுக்கு முன்னும் பின்னும் பேய்ப்படங்களின் உரையாடல்களை ஒட்டியது. 'பியூட்ரிட் பைல்' என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கர் ஒருவர் கிட்டாரும் தாள இயந்திரமுமாகத் தனியே மேடையேறுகிறார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் லூக் கென்னி என்பவர் நடனக்கூடத்து மின்னணுத் தாளத்தையும் இவ்வலறலையும் கலந்து 'தி பெர்சர்க்கர்' என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டு ஒரு தொகுப்பு வெளியிட்டார். இன்று ஓர் அறையும் ஒரு கணினியும் போதும். தாளத்தின் வேகத்தை எண்ணால் குறித்தால், எந்தக் கையும் அடிக்க இயலாத வேகத்தில் அது அடிக்கும். குரலின் சுருதியைக் கருவியால் பல படிகள் கீழிறக்கினால், வாய் பேசுவது போய் வடிகால் நீர் உறிஞ்சுவது போலாகும். பாடல்கள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நூறோ இருநூறோ படிகள் எடுத்து, அறிந்தவர்க்குள் கைமாறும் இலக்கியச் சிற்றேடு போன்ற வாழ்க்கை இதற்கு. சிற்றேட்டுக்காரராகிய நாம் அதற்காக அதனை எள்ள முடியாது.

இதில் சாத்தான் எங்கே வருகிறான்? தேடிப் பார்த்தோம், காணவில்லை. கிறிஸ்துவை வெளிப்படையாகப் பழிக்கும் குழுக்கள் வேறு உண்டு. ஸ்வீடன் நாட்டு 'வாட்டெய்ன்' அத்தகையது. 2019 மார்ச் 7 அன்று சிங்கப்பூரில் நடைபெறவிருந்த அதன் நிகழ்ச்சியை, கிறிஸ்தவர்களின் மனக்குறையைக் கருதி அரசு அன்றைய தினமே நிறுத்திவிட்டது. அதற்கு விளக்கம் தந்தவர் அன்றைய உள்துறை மற்றும் சட்ட அமைச்சர் கா. சண்முகம். அக்குழுவினராவது நம் ஆண்டவரை ஒரு பகைவராக மதிக்கிறார்கள். கோர்கிரைண்டுக்குக் கடவுளும் இல்லை, அலகையும் இல்லை. ஈரலும் குடலும் நிணமும் மட்டுமே உண்டு. சாத்தானை நம்புகிறவன் ஆன்மாவையும் நம்பித்தான் ஆக வேண்டும். இங்கே ஆன்மா என்ற சொல்லுக்கே இடமில்லை. நம் போதகர்கள் குறிபார்க்கும் இடத்தில் இலக்கு இல்லை என்று நாம் சொல்வது இதனால்தான்.

அருவருப்பானதைப் பாடுவதே பாவம் என்பாரும் உளர். அவர்களுக்குத் திருச்சபையின் துணை கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட ஏட்டில், தீமையைச் சித்திரிப்பதும் மனிதனை ஆழ்ந்து அறியத் துணைபுரியக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது. அறநெறியின் வரம்புக்குள் என்ற நிபந்தனையும் உடன் வைத்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், தீமையின் இருண்ட ஆழங்களில் துழாவும் கலைஞனும் தன்னையறியாமல் மீட்புக்கான ஏக்கத்துக்குக் குரல் கொடுக்கிறான் என்ற கருத்தை முன்வைத்தார். இலாசரின் கல்லறையை நற்செய்தியாளர் எப்படிக் காட்டுகிறார்? நான்கு நாளாயிற்று, நாற்றம் எடுக்குமே என்று மார்த்தா சொல்லும் பேச்சை யோவான் நறுமணம் பூசி மறைக்கவில்லை. ஜெர்மானிய ஓவியர் குரூனவால்ட் 1512 முதல் 1516 வரை ஈசன்ஹைம் மடத்துக்கென வரைந்த சிலுவைப்பாடு, உலகின் மிகக் கொடூரமான ஓவியங்களுள் ஒன்று. இயேசுவின் உடலெங்கும் புண்கள், விறைத்து விரிந்த விரல்கள், பச்சை பாய்ந்த தோல். அம்மடம் ஒரு மருத்துவமனையாகவும் இருந்தது. 'அந்தோனியார் நெருப்பு' எனப்பட்ட நோயால் கைகால் அழுகிய ஏழைகள் அங்கே கிடந்தார்கள். தங்கள் புண்ணை ஆண்டவரின் தோலில் கண்டார்கள். அவ்வோவியம் அழகாக இருந்திருந்தால் அவர்களுக்கு அதனால் என்ன பயன்?

நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மண் இது. அ. கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் பதிப்பித்துத் தந்துள்ள கதைகளைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் குருதி. புதையலுக்காகக் கள்வர் பலியிட்ட நிறைசூலி பொன்னிறத்தாள். கணியாகுளத்துப் போரில் தலை வெட்டுண்டு மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளை. அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டு, மாடனாகவும் அம்மனாகவும் பீடம் கொண்டவர்கள் இம்மாவட்டத்தில் எத்தனை பேர்! குடமும் உடுக்கும் முழங்க, இக்கொலைகளை ஒன்றும் விடாமல் பாடுவார் புலவர். பொன்னிறத்தாளின் வயிற்றில் நிகழ்ந்ததை லிவர்பூல் இளைஞர்கள் கேட்டிருந்தால் அவர்களே முகம் சுளித்திருப்பார்கள். எனவே குருதியைக் கண்டு அஞ்சும் மரபு நம்முடையது அன்று.

ஆனால் வில்லுப்பாட்டில் கொலை நிகழ்வதற்கு முன் என்ன நிகழ்கிறது? இரவிக்குட்டிப் பிள்ளை போருக்குப் புறப்படுகையில் தாய் மறிக்கிறாள். மனைவி தான் கண்ட தீக்கனவைச் சொல்லி அழுகிறாள். அவனுக்கு வீடு இருக்கிறது, வாசல் இருக்கிறது, அவன் உண்ணாமல் விட்டுப்போன சோறு இருக்கிறது. கொலைக்குப் பின்னும் கதை முடிவதில்லை. எதிரியிடம் போய்ச் சேர்ந்த தலையை அவனைச் சார்ந்தவன் தேடிச் சென்று கேட்டு வாங்கி வருகிறான். தலை உடலோடு சேர வேண்டும் என்பது பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் அவ்வளவு முக்கியம்.

நம் மறைசாட்சியின் கதையும் அதுவே. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயத்தைக் கசையால் அடித்தார்கள், புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்று உடலைக் காட்டில் வீசினார்கள். நம் முன்னோர் இதை அம்மானையாகவும் நாடகமாகவும் பாடி ஆடியபோது எந்தக் காயத்தையும் மறைக்கவில்லை. அதன் பின் நிகழ்ந்ததையும் விடவில்லை: சில நாள் கழித்து விசுவாசிகள் அக்காட்டுக்குள் சென்று, விலங்குகள் தின்று எஞ்சிய எலும்புகளைத் தேடிப் பொறுக்கினார்கள், கோட்டாற்றுத் தூய சவேரியார் ஆலயத்தின் பீடத்துக்கு முன் அடக்கினார்கள். உரோமையில் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவரின் எலும்புகள், அன்று அரசனுக்கு அஞ்சியவர்கள் காட்டுக்குள் போகாதிருந்தால் நமக்கு இல்லை.

நம் குற்றச்சாட்டை இப்போது சொல்லலாம். கோர்கிரைண்டில் எலும்பு பொறுக்க ஒருவரும் வருவதில்லை. உடல் சிதைகிறது, அழுகுகிறது, அரைபடுகிறது. அவ்வுடல் யார் பெற்ற பிள்ளை என்று ஒரு பாடலும் கேட்பதில்லை. பெயரில்லை, ஊரில்லை, தாயில்லை. அருவருப்பு அதன் குற்றம் அன்று, அனாதையாக்குவதே குற்றம்.

இதை அந்த இளைஞனிடம் சொன்னபோது அவன் சும்மா இருக்கவில்லை. கலிங்கத்துப்பரணியைப் படித்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டான். நல்ல கேள்வி. செயங்கொண்டார் பாடிய போர்க்களத்தில் பேய்கள் கூடிப் பிணங்களின் நிணத்தையும் குருதியையும் கொண்டு கூழ் சமைத்து, பந்தி வைத்து, சிரித்துச் சிரித்து உண்கின்றன. அங்கே எந்தப் பிணத்துக்குப் பெயர் இருக்கிறது? எந்தத் தாய் அழுகிறாள்? தமிழாசிரியர்கள் இதனை நகைச்சுவை என்று பாராட்டி நமக்குப் பாடம் நடத்தினார்கள். பரணியை இங்கே காப்பாற்ற நாம் முயலப் போவதில்லை. அப்பிணங்கள் கலிங்கருடையவை, பாடியவர் குலோத்துங்கனின் அவைப்புலவர். கருணாகரத் தொண்டைமானின் படையில் மாண்ட சோழ நாட்டுப் பிள்ளையின் தாய்க்கு முன்னால் அந்தக் கூழ்ப் பகுதியைப் பாடியிருப்பாரா? பிணம் பிறனுடையதாக இருக்கும் வரை அதைக் கொண்டு சிரிக்கலாம். பையன் காட்டிய சான்று அவனுக்கே எதிராக நிற்கிறது.

அவன் விடவில்லை; விவிலியத்துக்கும் வந்தான். நீதித்தலைவர்கள் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் லேவியனின் மறுமனைவியைக் கயவர் இரவெல்லாம் சீரழிக்கின்றனர். அவள் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரயேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்புகிறான் அவன். அவளுக்கும் பெயரில்லைதானே, ஃபாதர்? உண்மை, பெயரில்லை. விவிலியத்தில் நம்மை உறங்கவிடாத பக்கங்களுள் அது ஒன்று. எனினும் அத்துண்டுகள் எதற்காக அனுப்பப்பட்டன? கண்டவர் அனைவரும் இப்படியொன்று இதுவரை நடந்ததுண்டா என்று துடித்தெழுந்து, ஆலோசித்துத் தீர்ப்புச் சொல்வதற்காக. கண்டவன் அடுத்த பாடலுக்குப் போவதற்காக அன்று.

மெல் கிப்சன் 2004-இல் எடுத்த 'கிறிஸ்துவின் பாடுகள்' திரைப்படத்தையும் அவன் எடுத்துவைத்தான். அதைப் பங்குகளில் திரைகட்டிக் குழந்தைகளுக்குக் காட்டினோமே, அதிலுள்ள கசையடியைவிடத் தன் இசை கொடிதா என்றான். அப்படத்தில் அடி மிகுதி என்பதே நம் கருத்தும். ஆயினும் அடி ஓய்ந்தபின் ஒரு காட்சி வருகிறது. கல் தரையில் தேங்கிய குருதியை மரியாவும் மகதலா மரியாவும் மண்டியிட்டு வெண்துணிகளால் துடைத்து எடுக்கிறார்கள். அத்துணி இந்த இசையில் எங்கே?

கார்கஸ் குழுவுக்கு மீண்டும் வருவோம். ஏனெனில் வாழ்க்கை அவர்களுக்கு எழுதிய பின்னுரை நம் வாதத்தைவிட வலியது. வாக்கரும் ஸ்டியரும் புலால் உண்ணாதவர்கள். விலங்கின் ஊனை உண்பவனுக்கு அவன் ஊனையே காட்டுகிறோம் என்ற கருத்தும் அவர்களுக்கு இருந்தது, அதை மதிக்கிறோம். ஆனால் அட்டையில் ஒட்டிய படங்களில் இருந்தவர்கள் விலங்குகள் அல்லர். ஏதோ ஒரு மருத்துவமனை மேசையில் கிடந்த யாரோ ஒரு தகப்பன், யாரோ ஒரு மகள். அவர்களிடம் யார் இசைவு கேட்டார்? பின்னாளில், 1999-இல், அக்குழுவின் முரசுக் கலைஞர் கென் ஓவனுக்கு மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டது. பல மாதங்கள் நினைவின்றிக் கிடந்தார். உயிர் தப்பினாலும் பழையபடி முரசடிக்க இயலாதவரானார். குழு 2008-இல் மீண்டும் மேடையேறியபோது தாளத்துக்கு வேறு கலைஞரை வைத்துக்கொண்டார்கள். எனினும் ஓவனை மேடைக்கு அழைத்து வந்து, முரசுகளின் பின்னே அமர்த்தி, அவரால் இயன்ற சிறிது நேரம் அடிக்கச் செய்தார்கள். கூடியிருந்தோர் ஆரவாரித்தார்கள். 2013-இல் வெளிவந்த அவர்களது தொகுப்பிலும் பின்குரலாக அவர் ஒலிக்கிறார். மூளையையும் குருதியையும் மருத்துவச் சொற்களால் எள்ளிப் பாடியவர்கள், நண்பனின் மூளையில் குருதி கசிந்தபோது அதைப் பாட்டாக்கிச் சிரிக்கவில்லை. அவரைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அவர் கென் என்பது அவர்களுக்குத் தெரியும். 1988-இன் அட்டையில் இருந்தவர்களையும் யாரோ அப்படித்தான் அறிந்திருந்தார்கள்.

இவ்விசையின் அன்பர்கள் நல்லவர்கள் என்று ஒரு வாதம் உண்டு. ஏற்கிறோம். செக் நாட்டின் துருட்னோவ் நகரில் நடந்துவரும் 'அப்சீன் எக்ஸ்ட்ரீம்' விழாவில் இவ்வகைக் குழுக்கள் திரளுகின்றன. அங்கே பரிமாறப்படுவது மரக்கறி உணவு. வருவோர் வேடமணிந்து விளையாடும் சாதுக்கள் என்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் நடக்கும் அடிதடிகூட அங்கே இராது போலும். குருதியைப் பாடுகிறவன் கொலைகாரன் ஆவான் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். பெண்ணின் உடலைச் சிதைத்து அதில் காமக்களிப்புத் தேடும் கிளையொன்று இவ்வகையில் இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்த வாதமும் செல்லாது. அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

நல்லவர்கள் வேடிக்கையாகச் செய்கிறார்கள் என்றே கொள்வோம். வேடிக்கைக்கும் கேட்கும் செவி யாருடையது என்ற கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பின் மறுநாள் காலை, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஆழிப்பேரலை வாரிப்போட்ட உடல்களைத் தனித்தனியே பெட்டியில் வைக்க நேரமும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரே குழியில் அடுக்கினார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் மீனவர் திரும்பவில்லை. நாட்கணக்கில் கடலில் ஊறிய உடல்கள் முகம் தெரியாமல் கரைக்கு வந்தன. பெற்ற தாயால் அடையாளம் சொல்ல இயலாமல், மரபணுச் சோதனை செய்து இன்னான் மகன் என்று முடிவு வருவதற்காக வீடுகள் காத்துக் கிடந்தன. உடலே கிடைக்காதவர் பலர். அழுகல் என்ற சொல்லுக்கு இக்கடற்கரையில் ஒரு பொருள் உண்டு. பையன் தன் தொகுப்புக்கு அச்சொல்லையே தலைப்பாக எண்ணியிருந்தான். ஆங்கிலத்தில் எழுதினால் வலிக்காது என்று நினைத்தான் போலும். அவன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, சோதனை முடிவுக்காகக் காத்திருந்த வீடு ஒன்று இருக்கிறது.

தோபித்தின் நூலை நாம் போதுமான அளவு வாசிப்பதில்லை. பெந்தக்கோஸ்து நாள் விருந்தில் உட்காருகிறார். சந்தைவெளியில் தம் இனத்தான் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான் என்று மகன் வந்து சொல்கிறான். சோற்றில் கை வைக்காமல் எழுந்து போகிறார். பிணத்தைத் தூக்கி வந்து மறைத்து வைக்கிறார். கதிரவன் சாய்ந்ததும் குழி வெட்டிப் புதைக்கிறார். அக்கம்பக்கத்தார் எள்ளி நகைக்கிறார்கள். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தோமே, அதன் வேர் இங்கேதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் பிணவறை வாசலில் ஒரு பகல் நின்று பார்த்தவர்க்கு இது விளங்கும். உள்ளே அறுக்கிறார்கள், அறுத்ததைத் தைக்கிறார்கள், முகத்தைத் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, பெயர் சொல்லி அழைத்து உறவினர் கையில் தருகிறார்கள். கோர்கிரைண்ட் அறுப்பதோடு நின்றுவிடுகிறது.

தனியொருவனின் தொகுப்பில் இன்னொரு குறையும் இருக்கிறது. வில்லடிக்கும் புலவருக்குப் பக்கத்தில் குடமடிப்பவர் இருக்கிறார், உடுக்கடிப்பவர் இருக்கிறார். அடிக்கு அடி 'ஆமா' போடப் பின்பாட்டுக்காரர் இருக்கிறார். கொலையைப் பாடும்போது அந்த 'ஆமா'வின் தொனி தாழும். ஆட்டம் எல்லை மீறினால் திண்ணையிலிருக்கும் கிழவி ஒருத்தி அதட்டுவாள். கணினி எதற்கும் தொனி தாழ்த்துவதில்லை. முந்நூறு என்று எழுதினால் முந்நூறு. இன்னும் கொடிது, குரலைச் சொல்லற்றதாக்குவது. வாக்கு ஊனுடல் எடுத்தது என்று அறிக்கையிடும் நமக்கு, வாக்கை உரித்துவிட்ட ஊன் எவ்வளவு அந்நியமாகப் படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதிய பின், தாய் தந்தையரை நோக்கி ஒரு சொல். சாலையில் விபத்து நடந்தால், ஆம்புலன்சுக்குச் சொல்வதற்கு முன் கைப்பேசியைத் தூக்கிச் சிதைந்த தலையைப் படமெடுப்பவர் யார்? பதினெட்டு வயதுப் பையன்கள் மட்டுமா? அன்பியக் குழுவின் வாட்சப்பில், காலைச் செபத்துக்கும் மரியன்னையின் படத்துக்கும் நடுவே, முகம் நசுங்கிய உடலொன்று வந்து விழுகிறது. கீழே கும்பிடும் கைகளின் சின்னம் இருபது. அவன் பெயர் என்ன, அவன் மனைவி இதைப் பார்த்துவிட்டாளா என்று ஒருவர் கேட்டதுண்டா? லிவர்பூல் இளைஞர்கள் மருத்துவ நூலிலிருந்து வெட்டி ஒட்டினார்கள். நாமோ பக்கத்து ஊர்க்காரனை வெட்டி ஒட்டுகிறோம், தாளம்கூட இல்லாமல். மகனின் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு பேயோட்டக் கேட்பதற்கு முன், தம் கைப்பேசியில் இருப்பதை அழித்துவிட்டு வரட்டும்.

அந்த இளைஞனின் கணினியை உடைக்கச் சொல்லவில்லை. தொகுப்பை நிறுத்தச் சொல்லவுமில்லை. அதன் ஒலியை நாம் கேட்டோம். தலைவலி வந்தது உண்மை. ஆயினும் ஒக்கி இரவின் கடலை யாராவது இசையாக்குவதென்றால், ஆர்மோனியத்தால் இயலாது, அவனுடைய இயந்திரத்தால் இயலக்கூடும் என்று பட்டது. அப்படியே சொன்னோம். தலைப்பை மாற்று என்றோம். முப்பது பாடல் இருந்தால் முப்பது பெயர் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கேட்டு, அவர்கள் தந்தால் எடுத்துக்கொள், தராவிட்டால் விட்டுவிடு. பெயரைச் சொல்லுமிடத்தில் மட்டும் குரலைக் கீழிறக்காதே என்றோம். அது கோர்கிரைண்டாக இருக்காது என்று தர்க்கித்தான். இருக்கலாம். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறான். அவன் வீட்டில் இரைச்சலுக்கு இடமில்லை என்று தாய் சொல்கிறார். பங்கு இல்லத்து மாடியறை சனிக்கிழமை மாலைகளில் காலியாகத்தான் கிடக்கிறது. பழைய காலத்துக் கனத்த சுவர், ஒலி எளிதில் வெளியேறாது.